கிரயம் முடிந்தால் குடித்தனம் முடியுமா?

சென்ற ஆண்டு ஷஃபான் மாதத்தில் ஒரு நாள் அஸருக்குப் பின்னர் குமராட்சியிலிருந்து இருவர் நம்மைத் தேடி வந்தனர். ஒருவர் வீட்டுக்குச் சொந்தக்காரர். மற்றவர் அவ்வீட்டில் ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருந்து தையல் தொழில் செய்து வருபவர். இருவரும் ஒரே ஸஃப்பில் நின்று தொழுகிறவர்கள். அதுவரை ஒருவரையொருவர் கடிந்து பேசியவர்களும் அல்லர். வீட்டுக்காரர் சொன்னார்: "ஹஜ்ரத், வீட்டை விற்கப் பேசி அச்சாரமும் வாங்கிவிட்டேன். தம்பி காலி செய்யத் தயங்குகிறார். மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்டுவிடலாம் என்று வந்தோம்." தையற்காரர் சொன்னார்: "அண்ணன் தாராளமாக விற்கட்டும் ஹஜ்ரத், அவர் சொத்து. அவர் விற்பதற்கு நான் ஏன் வெளியேற வேண்டும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை."

இரண்டாமவர் கேட்ட கேள்வியில் வெகுளித்தனம் இருப்பதாகச் சிலருக்குத் தோன்றலாம். உண்மையில் அது மிகப் பழைமையான கேள்வி. சட்டம் என்ற ஒன்றை எழுதி வைத்த சமுதாயங்கள் பலவும் இதற்கு விடை தேடியிருக்கின்றன. அவை கண்ட விடைகளும் ஒன்றாக இருக்கவில்லை. அவர்களுக்கு நாம் சொன்ன பதிலைப் பின்னர் கூறுவோம். அதற்கு முன்னர் இக்கேள்வி கடந்து வந்த வழியைச் சற்றே பார்ப்பது பயனுடையது.

பழைய ரோமானியர் சட்டத்தில் குடியிருப்பவன் நிலை இரங்கத்தக்கது. வாடகை என்பது அவர்களிடம் இரு மனிதர்களுக்கு இடையே நடந்த பேச்சு மட்டுமே. பொருளின் மீது அது எந்த உரிமையையும் தருவதில்லை. ஆகவே வீட்டையோ நிலத்தையோ வாங்கியவன், தான் பேசாத பேச்சுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. அவன் குடியானவனை வெளியேற்றலாம். வெளியேற்றப்பட்டவன் பழைய உடைமையாளன் மீது நட்டஈடு கேட்டு வழக்காடிக்கொண்டிருக்கலாம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இந்த விதி நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு சிவில் சட்டத்தொகுப்பு தனது 1743ஆம் பிரிவில் இதனை மாற்றி, வாங்கியவர் குத்தகைக்காரரை வெளியேற்ற முடியாது என்றது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை வைத்தது: குத்தகை, அதிகாரி முன்னிலையில் எழுதப்பட்டதாகவோ, ஐயத்துக்கு இடமில்லாத தேதியுடையதாகவோ இருத்தல் வேண்டும். 1900 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த ஜெர்மானியச் சட்டத்தொகுப்பும், விற்பனை வாடகையை முறிக்காது என்ற கொள்கையை ஏற்றது. ஐரோப்பா தனது சட்டத்தொகுப்புகளில் இந்த முடிவை எழுத நெடுங்காலம் காத்திருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, நம்முடைய மத்ரஸாக்களில் மாணவர்கள் மடியில் விரித்து வைத்து ஓதும் கிதாபுகளுக்கு வருவோம்.

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரீ 676இல், அதாவது கி.பி. 1277இல், மறைந்தார்கள். அவர்களுடைய 'மின்ஹாஜ்' ஷாஃபிஈ மத்ஹபினரின் கைவிளக்கு. பரங்கிப்பேட்டையிலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கடலோர மரைக்காயர்களுக்கு அதுவே சட்டநூல். அதில் இம்மஸ்அலா தெளிவாகவே கூறப்பட்டிருக்கிறது. இஜாராவுக்கு விட்ட பொருளை உடைமையாளர் விற்கலாம். வலுவான கருத்தின்படி அவ்விற்பனை செல்லும். ஆனால் இஜாரா கலைவதில்லை. தவணை முடியும் வரையில் அதன் பயன் குடியிருப்பவனுக்கே உரியது. வாங்கியவன் அந்த வீட்டைச் சொந்தமாக்கிக்கொள்கிறான், ஆனால் அதன் பயனைத் தவணை முடிந்த பின்னரே அடைகிறான். வாங்கும்போது ஆள் இருப்பது தெரியாதிருந்தால், கிரயத்தை ரத்துச் செய்யும் உரிமை அவனுக்கு உண்டு.

ஹனஃபீ மத்ஹபின் வழி வேறு. குமராட்சி, லால்பேட்டை, கொள்ளுமேடு, ஆயங்குடி என்று இந்த வட்டாரத்து ஊர்களில் வாழும் நம்மவர் பெரும்பாலும் ஹனஃபீகளே; 1862இல் தோன்றிய லால்பேட்டை ஜாமிஆ மன்பவுல் அன்வாரின் வழியும் அதுவே. ஹனஃபீ ஃபுகஹாக்களின் கூற்றுப்படி, வாடகைக்கு விட்ட பொருளின் விற்பனை 'மவ்கூஃப்', அதாவது நிறுத்தி வைக்கப்பட்ட நிலையில் இருக்கும். குடியிருப்பவன் இசைந்தால் அது நிறைவேறும். இசையாவிட்டால் தவணை முடியும் வரையில் காத்திருக்கும். இவ்வாறு இரு மத்ஹபுகளும் வெவ்வேறு வாயில்கள் வழியாக நுழைந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன: தவணைக்குள் இருப்பவனை, விற்றேன் என்ற ஒரு சொல்லால் வெளியேற்ற முடியாது.

உதுமானிய அரசு 1869 முதல் 1876 வரையில் ஹனஃபீ சட்டத்தை 1851 பிரிவுகளாக்கி வெளியிட்ட 'மஜல்லா'வில் இந்த விதி 590ஆம் பிரிவாக இடம்பெற்றது. அப்பிரிவில் நம் மனத்தைக் கவர்ந்தது அதன் பின்பகுதி. குடியிருப்பவன் விற்பனைக்கு இசைந்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவன் முன்கூட்டிக் கொடுத்த வாடகையில் இன்னும் கழியாத பகுதி அவன் கைக்குத் திரும்பி வரும் வரையில் வீட்டை அவனிடமிருந்து எடுக்கக்கூடாது. பணம் வாங்காமல் அவனாகச் சாவியைக் கொடுத்துவிட்டால், பிடித்து வைக்கும் அந்த உரிமை போய்விடும். "முதலில் காலி செய், கிரயம் முடிந்ததும் அட்வான்ஸைத் தருகிறேன்" என்ற பேச்சைக் கேட்டுப் பெட்டி படுக்கையோடு தெருவுக்கு வந்து, பிறகு ஆறு மாதம் நடையாய் நடந்த குடும்பங்களை நாம் அறிவோம். அவர்களுக்காகவே எழுதப்பட்டது போன்ற விதி இது.

விற்பதற்காகவே இஜாராவைக் கலைப்பதற்கு வழியே இல்லையா என்றால், ஹனஃபீ ஃபிக்ஹில் ஒரு வழி உண்டு. கி.பி. 1197இல் மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்களின் 'ஹிதாயா'வில் 'உத்ரு' என்னும் தக்க காரணங்களைப் பற்றிய பாடம் இருக்கிறது. கடையையோ வீட்டையோ வாடகைக்கு விட்டவர் பின்னர் நொடித்துப் போகிறார். கடன் அவரை நெருக்குகிறது. வாடகைக்கு விட்ட அந்தச் சொத்தின் விலையைத் தவிரக் கடனைத் தீர்க்க வேறு வழி இல்லை. அப்போது காழீ இஜாராவைக் கலைத்து, சொத்தை விற்றுக் கடனைத் தீர்ப்பார். இதில் மூன்று செய்திகளை ஊன்றிப் பார்க்கவேண்டும். கடன் உண்மையாக இருக்கவேண்டும். வேறு வழி இல்லாதிருக்கவேண்டும். கலைப்பவர் காழீ, உடைமையாளர் அல்லர். கடன் என்பது வெளிப்படையாகத் தெரியாத காரணம்; ஆகவே அதற்குத் தீர்ப்பு வேண்டும் என்று உலமாக்கள் விளக்கினார்கள். நல்ல விலை வந்திருக்கிறது என்பதும், சிங்கப்பூரிலிருந்து வந்தவர் அதிகம் தருகிறார் என்பதும் உத்ரு ஆகா.

ஷாஃபிஈகள் இந்த வழியையும் ஒப்புக்கொள்வதில்லை. பொருளிலே குறை ஏற்பட்டால் அன்றி, ஒப்பந்தக்காரனின் சொந்த நெருக்கடிக்காக இஜாரா கலையாது என்பது அவர்கள் கொள்கை. கடன்பட்ட உடைமையாளர் விற்றுக்கொள்ளலாம், குடியிருப்பவனோடு சேர்த்து. கொடுத்தவனோ வாங்கியவனோ மரணித்தாலும் ஷாஃபிஈகளிடம் இஜாரா தொடரும், ஹனஃபீகளிடம் முடியும். உடைமையாளனின் துன்பத்தை ஹனஃபீகள் அதிகம் எண்ணினார்கள், உடன்படிக்கையின் உறுதியை ஷாஃபிஈகள் அதிகம் எண்ணினார்கள் என்று கூறலாம், இரண்டும் எண்ணத்தக்கவையே.

இவ்வளவும் தவணை பேசிய இஜாராவுக்குரியவை. தவணை பேசாமல், மாதம் இவ்வளவு என்று மட்டும் பேசினால் என்ன? இங்கேதான் நம் தையற்காரரின் விதி அடங்கியிருந்தது. ஹிதாயாவின்படி அத்தகைய பேச்சு ஒரு மாதத்துக்கு மட்டுமே செல்லும். அடுத்த மாதம் பிறந்து குடியிருப்பு தொடர்ந்தால் அந்த மாதத்துக்கும் செல்லும். ஒவ்வொரு மாத முடிவிலும் இருவரில் எவரும் விலகிக்கொள்ளலாம். ஒன்பது ஆண்டுகள் குடியிருந்தவர், அந்தக் கணக்கில், நூற்றெட்டு முறை ஒவ்வொரு மாதம் குடியிருந்தவரே ஆவார்.

இனி, இதே கேள்விக்கு நம் மண்ணில் கிடைத்த விடைகளைப் பார்ப்போம். குமராட்சி, கொள்ளிடத்தின் வடகரை நாடு. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டது. அங்கிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கும், வடக்கு ராஜன் வாய்க்கால் வழியாகக் கொள்ளிடக்கரை ஊர்களுக்கும் தண்ணீர் வருகிறது. நெல்லே வாழ்வு. ஆகவே இங்கே குடித்தனம் என்றால் முதலில் வயல், பிறகுதான் வீடு.

ஆங்கிலேயர் வந்தபோது தமிழகத்துக் காணியாட்சி முறையை அவர்கள் 'மிராசு' என்று அழைத்தனர். எல்லீஸ் என்னும் அதிகாரி 1818இல் வெளியிட்ட மிராசு பற்றிய ஆய்வில் இருவகைப் பாயக்காரிகள் கூறப்படுகின்றனர். உள்குடிப் பாயக்காரி ஊரிலேயே குடியிருந்து தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்பவர். செலுத்த வேண்டியதைச் செலுத்தி வரும் வரையில் அவரை எழுப்ப முடியாது. அவரும் நிலத்தை விற்க முடியாது. புறக்குடிப் பாயக்காரி வெளியூரிலிருந்து வந்து ஆண்டுக்கணக்கில் பேசிப் பயிர் செய்பவர். பேச்சு முடிந்தால் அவர் பாத்தியமும் முடியும். மிராசுதாரர் தம் பங்கை விற்றாலும் உள்குடி தன் இடத்தில் இருப்பான். எந்தச் சட்டசபையும் கூடி இயற்றாத ஊர்வழக்கு இது.

ரயத்துவாரி முறை வந்து பட்டா ஒருவர் பெயரில் எழுதப்பட்டதும், பட்டாவில் பெயரில்லாத உள்குடி சர்க்காரின் கண்ணுக்கு மறைந்து போனான். நாளடைவில் உள்குடிக்கும் புறக்குடிக்கும் இருந்த வேறுபாடு தேய்ந்து, இருவருமே ஆண்டுக் குத்தகைக்காரர் ஆயினர். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் தன் 109ஆம் பிரிவில், வாங்கியவர் பழைய உடைமையாளரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் சேர்த்தே அடைகிறார் என்று கூறியது. இமாம் நவவீ கூறியதற்கு இது வெகு அருகில் நிற்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 106ஆம் பிரிவு, மாதக் குடித்தனத்தைப் பதினைந்து நாள் அறிவிப்பில் முடித்துக்கொள்ள வழி செய்தது. 107ஆம் பிரிவு, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவுப் பத்திரத்தால் மட்டுமே செல்லும் என்றது. பதினொரு மாத ஒப்பந்தம் என்று நம் ஊர்களில் வழங்கும் விசித்திர வழக்கம் பதிவுச் செலவை ஒதுக்குவதற்காக எழுந்ததே. 1908ஆம் ஆண்டின் எஸ்டேட் நிலச் சட்டம் ஜமீன் குடிகளுக்கு நிலைத்த உரிமை தந்தது. ரயத்துவாரி நிலத்தில் குத்தகைக்குப் பயிரிட்டவருக்கு அது ஒன்றும் தரவில்லை.

அந்நாட்களில் நம்மவரில் சிலருக்கு ஷுஃப்ஆ நினைவுக்கு வந்தது. பக்கத்து நிலம் விற்கப்பட்டால் அதே விலையைக் கொடுத்து முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமை அது. ஹனஃபீகள் அதனைப் பங்காளிக்கும், வழியிலோ வாய்க்காலிலோ பங்குடையவருக்கும், அடுத்த மனைக்காரருக்கும் தருகிறார்கள். ஷாஃபிஈகள் பங்காளிக்கு மட்டும் தருகிறார்கள். குத்தகைக்காரனுக்கு எவருமே தருவதில்லை. ஷுஃப்ஆவுக்குச் சொந்த உடைமை வேண்டும். இந்த உரிமை சென்னை மாகாணத்து முஸ்லிம்களுக்கு உண்டா என்ற வழக்கு 1870இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது. தன் சொத்தைத் தான் விரும்பியவருக்கு விற்கும் சுதந்தரத்துக்கு அது முரணானது. நீதிக்கும் நியாயத்துக்கும் நன்மனச்சான்றுக்கும் ஒவ்வாதது என்று அந்நீதிமன்றம் தள்ளிவிட்டது. வட இந்தியாவில் வழங்கிய உரிமை தெற்கே இல்லாமற் போனது அவ்வாறுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பஞ்சாபில் 1913இல் ஷுஃப்ஆவை ஒட்டி இயற்றப்பட்ட சட்டம் 1960இல் திருத்தப்பட்டபோது, நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடுபவரும் அதை முந்தி வாங்கிக்கொள்ளலாம் என்று சேர்க்கப்பட்டது. அரியானாவிலிருந்து இச்சட்டத்தை எதிர்த்துச் சென்ற வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம், உறவுமுறையை வைத்துத் தரப்பட்ட முன்னுரிமைகளை நீக்கியது. ஆனால் பங்காளியின் உரிமையையும் குத்தகைக்காரரின் உரிமையையும் நிலைநிறுத்தியது. ஃபுகஹாக்கள் குத்தகைக்காரனுக்குத் தராத ஷுஃப்ஆவை, ஷுஃப்ஆவின் பெயரால் வந்த சட்டம் அவனுக்குத் தந்தது.

சென்னையிலும் வேறொரு வாயில் வழியாக அதுவே நடந்திருந்தது. பட்டணத்தில் வெற்று மனையை வாடகைக்கு எடுத்துத் தம் கைப்பொருளால் வீடு கட்டிக்கொண்டவர்கள் ஏராளம். மனை விலை ஏறியதும் மனைக்காரர்கள் அவர்களை எழுப்பத் தொடங்கினர். அதன் விளைவாக எழுந்ததே 1922ஆம் ஆண்டின் மூன்றாவது சட்டமான சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். அதன் ஒன்பதாம் பிரிவின்படி, எழுப்ப வழக்குப் போட்ட மனைக்காரரிடமிருந்து அந்த மனையை விலைக்குத் தரும்படி குடியிருப்பவர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். 1955இல் இச்சட்டம் வேறு நகரங்களுக்கும் செல்ல வழி செய்யப்பட்டது. பள்ளிவாசல் முதலிய சமய நிறுவனங்களின் மனைகளுக்கு 1996இல் விலக்குத் தரப்பட்டது. வக்ஃபு மனையை இவ்வாறு விலைக்குக் கேட்கும் வழி அத்துடன் அடைபட்டது. வக்ஃபை விற்க முடியாது என்ற நம் ஃபிக்ஹின் அடிப்படைக்கு அது இசைவானதே.

வயலுக்குத் திரும்புவோம். 1952 ஆகஸ்டில் ராஜாஜி அமைச்சரவை தஞ்சாவூர் மாவட்டத்துக்கு ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. அது அவ்வாண்டே பண்ணையாள், குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் ஆயிற்று. விளைவில் ஐந்தில் இரண்டு பங்கு வாரதாரருக்கு என்றும், காரணமின்றி அவரை வெளியேற்றக்கூடாது என்றும் அது விதித்தது. ஆனால் அச்சட்டம் கொள்ளிடத்தின் தென்கரையோடு நின்றுவிட்டது. அக்கரையில் சீர்காழித் தாலுக்கா தஞ்சாவூர் மாவட்டம். இக்கரையில் குமராட்சி தென்னார்க்காடு மாவட்டம். ஒரே ஆறு, ஒரே கீழணைத் தண்ணீர், ஒரே வகை நெல், பல இடங்களில் ஒரே நிலச்சுவான்தார். அக்கரைக் குத்தகைக்காரனை விற்பனை அசைக்க முடியாது. இக்கரைக் குத்தகைக்காரன் போகம் முடிந்தால் புறப்படவேண்டும். மாவட்ட எல்லை என்பது வரைபடத்தில் ஒரு கோடு என்று நினைக்கிறோம். அந்த மூன்றாண்டுகளில் அது ஒரு குடும்பத்துக்கு அடுப்பு எரிவதற்கும் எரியாததற்கும் இடையே ஓடிய ஆறாக இருந்தது.

1955இல் வந்த பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வடகரைக்கும் வந்தது. அதன் மூன்றாம் பிரிவு, பயிரிடும் குத்தகைதாரரை நீதிமன்றத் தீர்ப்பைக் கொண்டும் வேறெவ்வகையிலும் வெளியேற்றலாகாது என்று கூறிவிட்டு, விலக்குகளை எண்ணிச் சொன்னது: பாக்கி வைத்தல், நிலத்தைக் கெடுத்தல், வேறு காரியத்துக்குப் பயன்படுத்தல், உடைமையாளரின் பாத்தியத்தை மறுத்தல். சொந்தப் பயிருக்காக ஒரு பகுதியை மீட்கவும் அளவோடு இடம் தரப்பட்டது. விற்பனை அந்தப் பட்டியலில் இல்லை. சட்டம் வரப்போகிறது என்று முன்னரே மோப்பம் பிடித்து ஆட்களை எழுப்பிய உடைமையாளர்கள் இருந்தனர் என்பதைச் சட்டம் செய்தவர்களும் அறிந்திருந்தனர். 1953 டிசம்பர் முதல் நாளன்று நிலத்தில் இருந்து, பின்னர் நிலம் இழந்தவர்கள் அதனைத் திரும்பப் பெறலாம் என்று அச்சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். 1956இல் நியாயக் குத்தகைச் சட்டம் நன்செய்க் குத்தகையை விளைவில் 40 விழுக்காடு என்று வரையறுத்தது. பின்னர் அது 25 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

இதனால் விளைந்தவை எல்லாம் நன்மை என்று நாம் கூறமாட்டோம். குத்தகைக்காரன் இருக்கும் நிலத்துக்கு ஒரு விலை, இல்லாத நிலத்துக்கு வேறு விலை என்றாயிற்று. விற்க விரும்பியவர் கிரயத்தில் ஒரு பங்கைக் குத்தகைக்காரருக்குக் கொடுத்து விலகச் செய்வது வழக்கமாயிற்று. அதைவிடக் கேடு, உடைமையாளர்கள் எழுதிக்கொடுப்பதையே நிறுத்தினார்கள். எழுதினால் உரிமை போய்விடும் என்ற அச்சத்தில் வாய்ப்பேச்சே எங்கும் ஆட்சி செய்தது. ஆகவேதான் 1969இல் குத்தகை உரிமைகளைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கென்றே தனிச் சட்டம் செய்யவேண்டி வந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் நாற்பத்து நால்வர் எரிந்து மாண்டனர். அது கூலிப் போராட்டத்தின் விளைவு. ஆயினும் அம்மக்களின் குடிசைகள் யாருடைய மண்ணில் நின்றன என்ற கேள்வியை நாடு கேட்கும்படி செய்தது. 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம், அவ்வாண்டு ஜூன் 19ஆம் நாளன்று பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளர்க்கு அந்தக் குடியிருப்பு மனையையே சொந்தமாக்கியது.

நம் கிதாபுகளில் வயலுக்கென்று ஒரு கருணையான விதி இருப்பதை இங்கே குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. குத்தகைத் தவணை முடியும்போது நெல் பச்சையாக நின்றால், அதைப் பிடுங்கச் சொல்லக்கூடாது. அறுவடை வரையில் நிறுத்தி, அந்த நாட்களுக்கு வழக்கமான குத்தகையை வாங்கிக்கொள்ளவேண்டும். மரமாக இருந்தால் அந்தச் சலுகை இல்லை, ஏனெனில் மரத்துக்கு முடிவு நாள் இல்லை. லால்பேட்டை மாணவர்கள் இப்பாடத்தை ஓதும்போது வெற்றிலைக் கொடிக்கால் எதில் சேரும் என்று தர்க்கம் செய்வார்கள். கொடி பயிரா, மரமா? அது படரும் அகத்தி? கொடிக்காலுக்கு நடுவே மத்ரஸா இருப்பதில் உள்ள நன்மைகளில் இதுவும் ஒன்று.

வீட்டுக் குடித்தனத்துக்குச் சட்டம் வந்தது போர்க்காலத்தில். 1941இல் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை. 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் அதைத் தொடர்ந்த சட்டங்கள். 1960ஆம் ஆண்டுச் சட்டத்திலும் வெளியேற்றும் காரணங்களின் பட்டியலில் விற்பனை இல்லை. சொந்தக் குடியிருப்புத் தேவை உண்டு, இடித்துக் கட்டுதல் உண்டு. அச்சட்டத்துக்குப் பதிலாக 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம், எல்லாக் குடித்தனமும் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாகவேண்டும் என்கிறது. ஆனால் பழைய சட்டம் சென்னைக்கும் நகராட்சிகளுக்கும் உரியதாக இருந்தது, புதியதும் நகர்ப்புறங்களுக்கானது. குமராட்சி ஊராட்சியில் இருக்கும் ஒரு வாடகை வீட்டைக் காக்க இவற்றில் எதுவும் வருவதில்லை.

ஆகவே வியப்பான ஒரு நிலை நிலவுகிறது. குமராட்சியில் ஒருவர் ஒரே உடைமையாளரிடம் வயலைக் குத்தகைக்கும் வீட்டை வாடகைக்கும் வாங்கியிருந்தால், இரண்டையும் ஒரே நாளில் விற்கும்போது வயலில் அவர் அசைக்க முடியாதவர். வீட்டில் அவர் பதினைந்து நாள் விருந்தாளி.

ஃபிக்ஹைக் கொண்டாவது நீதிமன்றத்தில் வாதாடலாமா என்றால் அதற்கும் வழி இல்லை. காழீகளின் நீதி அதிகாரம் 1864இல் முடிந்தது. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் திருமணம், மஹர், வாரிசுரிமை, வக்ஃபு போன்றவற்றைச் சொல்கிறதே அன்றி இஜாராவைச் சொல்லவில்லை. ஹிதாயாவின் விதி இன்று நம்மைக் கட்டுவது நாமாக அதற்குக் கட்டுப்படும் அளவில்தான். குமராட்சியிலிருந்து வந்த இருவரும் கட்டுப்படுவதாகச் சொல்லித்தான் வந்திருந்தார்கள்.

நாம் அவர்களிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை காலத்துக்கென்று பேசினீர்கள்?" என்பது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மஃரிபுக்குப் பிறகு பள்ளிவாசல் திண்ணையில் பேசியது. வாடகையும் அட்வான்ஸும் பேசினார்கள், காலம் பேசவில்லை. எழுதவும் இல்லை. "நமக்குள்ளே என்ன பத்திரம்" என்று அன்று சொன்னவர் தையற்காரர்தாம் என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு விரித்துரைக்கும் வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம், குர்ஆனிலேயே மிக நீண்டது. அதை நாம் நினைவூட்டியபோது இருவரும் தலைகுனிந்தார்கள். நாமும் நம் வீட்டு வாடகையை எழுதிக்கொள்ளாமல் இருந்த ஆண்டுகளை எண்ணி உடன் குனிந்தோம்.

மஸ்அலாவை மறைக்காமல் சொல்லவேண்டியிருந்தது. மாதக் கணக்கில் பேசியதால் மாத முடிவில் விலக வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. உத்ரு தேடவேண்டிய அவசியம்கூட இல்லை. நாட்டின் சட்டமும் ஏறத்தாழ அதையே சொல்கிறது. தையற்காரர் முகம் வாடியது. பிறகு அட்வான்ஸைப் பற்றிக் கேட்டோம். வீட்டுக்காரர் தயங்கினார். மகள் கல்யாணத்தில் அது செலவாகிவிட்டது; விற்கும் காரணமும் அந்தக் கல்யாணக் கடனே. அப்போது நாம் 590ஆம் பிரிவை எடுத்துப் படித்துக் காட்டினோம். அங்கே சொல்லியிருப்பது முன்கூட்டிச் செலுத்திய வாடகையைப் பற்றி. அட்வான்ஸ் முழுக்க அதுவன்று என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் கொடுத்தவன் பணம் கைக்கு வரும்வரை சாவி கைமாறக்கூடாது என்ற நியாயம் இரண்டுக்கும் ஒன்றே என்றோம். வீட்டுக்காரர் மறுக்கவில்லை.

வாங்குகிறவரையும் மறுநாள் அழைத்து வரச் செய்தோம். ஆள் குடியிருக்கும் செய்தியை அவரிடம் எவருமே சொல்லியிருக்கவில்லை. வீடு காலியாகத்தான் வரும் என்று எண்ணியிருந்தார். கிரயத் தொகையில் அட்வான்ஸ் அளவைப் பிடித்து வைத்து நேராகத் தையற்காரரிடம் தருவதற்கு அவர் ஒப்பினார். தையற்காரரின் மகள் பத்தாம் வகுப்பு, பங்குனியில் பரீட்சை. அது முடிந்து வேறு வீடு பார்க்க அவகாசம் வேண்டும் என்றார். சித்திரை முடியும் வரையில் புதியவருக்கே வாடகை செலுத்தி இருப்பது என்று முடிவாயிற்று.

மூன்று படிகள் எழுதினோம். எழுதி முடித்து வாசித்துக் காட்டியபோது தையற்காரர், "ஹஜ்ரத், சித்திரை முப்பது என்று எழுதியதற்குப் பக்கத்தில் துல்கஅதாப் பிறையையும் போட்டுவிடுங்கள்" என்றார். ஏன் என்று கேட்டோம். "இரண்டு கணக்கிலும் இருக்கட்டும்" என்றார். போட்டுக் கொடுத்தோம்.